பங்குனி உத்திரத்துக்குக் காரில் ஸ்ரீவைகுண்டம் பக்கம்: ஆறு பேர், ஓட்டுவது ஒருவர்

பள்ளிக்கரணை மருமகள் (மார்ச் 7, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு (2026) பங்குனி உத்திரம் ஏப்ரல் 1, புதன்கிழமை. என் கணவர் வீட்டுக் குலதெய்வமான சாஸ்தா, தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். இளையவளுக்குக் காது குத்துவது அங்கேதான் என்று மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார். ரயிலில் இடமில்லை. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 30 காலையில் திறந்த கையோடு நெல்லை, முத்துநகர், பொதிகை எல்லாம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விட்டன. ஆகவே கார்.

ஆறு பேர் போகிறோம். நாங்கள் இருவர், மாமனார் (74 வயது, சர்க்கரை நோய்), மூட்டு வலியால் தரையில் உட்கார முடியாத அத்தை, ஒன்பது வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். ஏழு பேர் அமரும் வண்டி என்பதால் இடப் பிரச்சினை இல்லை. ஓட்டுவது என் கணவர் மட்டும்தான். செவ்வாய் இரவு அலுவலகம் முடிந்து ஒன்பது மணிக்குக் கிளம்பி, புதன் காலை ஏழு மணிக்கு நேராகக் கோவிலில் இறங்குவது அவர் திட்டம். வியாழன் இரவே திரும்பி, வெள்ளி முழுவதும் வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்கிறார். இரவில் சாலை காலியாக இருக்கும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், வெயில் இருக்காது என்று மூன்று காரணங்கள் வைத்திருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடமும் உரிமம் இருக்கிறது, ஊருக்குள் தினமும் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலை என்றால் மட்டும் "அது வேறு" என்று சொல்லிவிடுகிறார்.

இரவா, பகலா? எங்கே நிறுத்துவது? அத்தைக்கு ஏற்ற கழிப்பறை வழியில் எங்கே கிடைக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளாம்பாக்கம் வாசி (இரவு 10.15)

இரவு ஒன்பது மணிக்குப் பள்ளிக்கரணையில் கிளம்பினால் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வழியாகப் பரனூர் சுங்கச் சாவடியைத் தாண்டும்போதே பாதிப் பொறுமை போயிருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து நிலையம் இங்கே வந்த பிறகு, விடுமுறைக்கு முந்தைய இரவுகளில் தெற்கே போகும் பேருந்துகள் எல்லாம் எங்கள் வாசலில்தான் நிற்கின்றன. உங்களுக்குப் பழைய மகாபலிபுரம் சாலை பக்கம்தானே? கேளம்பாக்கம், திருப்போரூர் போய் அங்கிருந்து செங்கல்பட்டுச் சாலையைப் பிடியுங்கள். பரனூருக்குத் தெற்கே செங்கல்பட்டில் நெடுஞ்சாலையில் ஏறலாம். அந்தச் சாலை இருபுறமும் காடு, வளைவுகள் உண்டு, மாடுகள் படுத்திருக்கும். பகலில் மட்டும் போங்கள்.

நான்குவழிச் சாலை (இரவு 11.02)

தங்கையே, இரவா பகலா என்பதை விடுங்கள். முதலில் உங்கள் கணவரின் தூக்கத்தைக் கணக்குப் போடுங்கள்.

செவ்வாய் காலை ஆறரைக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகல் முழுவதும் வேலை. ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அதிகாலை மூன்று மணிவாக்கில் மேலூரை நெருங்குவீர்கள். அப்போது அவர் விழித்து இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரவு இரண்டு முதல் ஆறு வரை உடம்பு தானாகத் தூக்கத்துக்கு இறங்கும் நேரம். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடும். நான்கு வினாடி கண் செருகினால் 110 மீட்டர் தூரத்துக்கு அந்தக் கார் யார் கையிலும் இல்லை. அந்த நேரத்தில் காரில் மற்ற ஐந்து பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. பிள்ளைகள் தூங்குவதை அவர் வசதி என்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

"சாலை காலியாக இருக்கும்" என்பதும் பண்டிகை இரவுக்குப் பொருந்தாது. நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடி ஆம்னி பேருந்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சென்னையை விட்டுக் கிளம்புபவை. நள்ளிரவுக்கு மேல் திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் அவை ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும். விராலிமலைக்கும் துவரங்குறிச்சிக்கும் இடையே நல்ல இருட்டு. பின் விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, நடுத்தடுப்பின் திறப்பைத் தேடி எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், விளக்கே இல்லாத டிராக்டர் எல்லாம் அங்கே சாதாரணம். பகலில் இவை அரைக் கிலோமீட்டருக்கு முன்பே கண்ணில் படும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது திரும்பும் பயணம். இதை யாரும் யோசிப்பதில்லை. இரவெல்லாம் ஓட்டி வந்த மனிதர் புதன்கிழமை கோவிலில் தூங்கப் போகிறாரா? தண்ணீர் சுமக்க வேண்டும், அடுப்புக் கூட்ட வேண்டும், சொந்தக்காரர்களைக் கவனிக்க வேண்டும். சாஸ்தாவுக்குப் பகலில் பொங்கல் முடிந்தாலும் சுடலை, பேச்சி, தளவாய் மாடன் என்ற காவல் தெய்வங்களின் பூடங்களுக்கு (பீடங்களுக்கு) பூசை இரவில்தான் சூடு பிடிக்கும். முடிய இரண்டு மணியாகலாம். வியாழக்கிழமை பகலில் உறவினர் வீட்டில் விருந்து, பேச்சு. அதோடு இரவு மறுபடி 640 கிலோமீட்டர். போகும்போது உற்சாகம் தாங்கிப் பிடிக்கும். வரும்போது அதுவும் இருக்காது. நீங்கள் எந்த வாதத்தை விட்டுக்கொடுத்தாலும் வியாழன் இரவுப் பயணத்தை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் 3 புனித வெள்ளி, அடுத்து சனி, ஞாயிறு. அவசரம் எதற்கு?

கணக்கு முடிப்பு (மார்ச் 8, காலை 7.20)

மேலே உள்ள அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் எல்லோருக்கும் பகல் பயணம் வாய்க்காது. நான் வங்கியில் இருக்கிறேன். மார்ச் 31 நிதியாண்டு கடைசி நாள், இரவு எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று எங்களுக்கே தெரியாது. இந்த முறை மறுநாளே உத்திரம். ஏப்ரல் 1 அன்று மக்களுக்குத்தான் வங்கி மூடியிருக்கும், உள்ளே கணக்கு முடிப்பு வேலை நடக்கும். யார் யார் வர வேண்டும் என்பதற்கே எங்கள் கிளையில் சண்டை. விடுப்புக் கிடைத்தால் இரவுப் பயணம் தவிர எனக்கு வழியில்லை.

நான் செய்வது இதுதான்: ஆக்டிங் டிரைவர் (நம் வண்டியைக் கூலிக்கு ஓட்டித் தருபவர்) போட்டுக்கொண்டு, நடு இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். சம்பளம், பேட்டா, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் ஆம்னி பேருந்தில் ஆறு பேருக்குப் பண்டிகைக் கால டிக்கெட் எடுப்பதைவிடக் குறைவுதான். அலுவலகம் முடிந்து கிளம்பியே ஆக வேண்டும் என்றால் உங்கள் கணவரும் இதை யோசிக்கலாம்.

நான்குவழிச் சாலை (காலை 7.55)

நல்ல யோசனை. ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்: "தம்பி, நேற்று இரவு எங்கே ஓட்டினாய்?" பண்டிகை வாரத்தில் நல்ல ஓட்டுநர்களுக்கு இடைவெளியே இருக்காது. திங்கள் இரவு கோயம்புத்தூர் போய்விட்டுச் செவ்வாய் மதியம் திரும்பியவர் உங்கள் வண்டியில் ஏறினால், உங்கள் தூக்கக் கடனை அவர் தலையில் மாற்றிவைத்ததுதான் மிச்சம். இறங்கியதும் அவர் படுக்க ஓர் இடமும் ஏற்பாடு செய்ய வேண்டும். கோவில் வாசலில் கார் சீட்டில் சுருண்டு படுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அவரையே ஓட்டச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டு நம்பர் ஒன்று (காலை 9.10)

எதற்கு இவ்வளவு பாடு? அந்தக் கோவிலிலிருந்து பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) எடுத்து வந்து சென்னையிலேயே ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகலாமே. சாமி எங்கும் இருக்கிறார்.

பேட்டை வாத்தியார் (காலை 11.30)

தம்பி, பிடிமண் எடுத்து வைத்த கோவில்கள் தென்மாவட்டங்களில் எத்தனையோ உண்டு. அதை யாரும் தவறென்று சொல்லப்போவதில்லை. ஆனால் பங்குனி உத்திரத்தன்று ஊருக்குப் போவது சாமியை மட்டும் பார்க்கத்தானா?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்கே இருந்தாலும் கொண்டாடிவிடலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு உத்திரம் அப்படியில்லை. இடத்தோடு கட்டிய திருநாள் அது. எந்தக் காலத்திலோ பாட்டனார் எந்த ஊரை விட்டுக் கிளம்பினார் என்பது பத்திரத்தில் இருக்காது, குடும்பத்திலும் மறந்திருக்கும். ஆனால் "நமக்குச் சாஸ்தா இன்ன இடம்" என்பது மட்டும் வாய்வழியாக வந்துவிடும். அந்த இடம்தான் பூர்வீகம். ஒரே சாஸ்தாவுக்கு வெவ்வேறு சாதிக்காரர்கள் வருவார்கள். அவரவருக்கு அடுப்புக் கூட்டும் இடம் தனி, படப்பு (படையல்) போடும் பூடம் தனி, நடுவில் பூரணை புஷ்கலையோடு உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் ஒருவர். தங்கள் சாஸ்தா யார் என்றே தெரியாமல் போனவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாரைத் தேடிப் போகிறார்கள். எல்லாச் சாஸ்தாவுக்கும் அவர்தான் மூலம் என்பது இங்குள்ள நம்பிக்கை. அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். பிளாஸ்டிக் பைகளை அங்கேயே பிடுங்கிவிடுவார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க.

எங்கள் தாத்தா காலத்தில் வில்வண்டியில் அரிசி, பானை, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முதல் நாள் சாயங்காலமே போய் இறங்குவார்கள். மாட்டுக்கு ஓய்வு வேண்டும் அல்லவா? அதனால் மனிதர்களுக்கும் ஓய்வு கிடைத்தது. இரண்டு இரவு மரத்தடியில் தங்கி, ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிற பங்காளிகளோடு பேசித் தீர்த்துவிட்டுத்தான் வண்டி பூட்டுவார்கள். இப்போது காலை ஏழு மணிக்கு இறங்கி மாலை ஏழு மணிக்குக் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். பையனுக்குச் சித்தப்பா யார், பெரியப்பா யார் என்று தெரிவதற்குள் கார் கிளம்பிவிடுகிறது. அம்மா, முதல் நாளே வந்து சேருங்கள்.

ஓட்டு நம்பர் ஒன்று (காலை 11.48)

ஐயா சொன்னால் சரி. நான் கேட்டது பெட்ரோல் விலையை நினைத்து.

சாத்தூர் மகள் (மதியம் 1.05)

ஆண்கள் எல்லாரும் டயரையும் சாவடியையும் பேசுவார்கள். அக்கா கேட்ட கழிப்பறைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நான் சொல்கிறேன்.

பேருந்துகள் மொத்தமாக நிற்கும் மோட்டல்களைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுங்கள். விழுப்புரத்துக்கு அப்பால் அப்படி ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், கழிப்பறை வாசலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே தண்ணீரே இல்லாமல் விட்டார்கள். எண்ணெய் நிறுவனங்கள் தாங்களே நடத்தும் பெரிய பெட்ரோல் பங்க்குகள் எவ்வளவோ மேல். பெண்களுக்குத் தனிச் சாவி இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். மேற்கத்தியக் கழிப்பறை நிச்சயம் வேண்டுமென்றால் பெரம்பலூரிலோ திருச்சி புறவழியிலோ தங்கும் அறைகள் உள்ள ஓட்டலில் சாப்பிடுங்கள். சாப்பிடுகிறவர்களுக்கு மறுக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், மருந்துக் கடைகளில் மடக்கும் கமோடு நாற்காலி கிடைக்கும், ஒன்று வாங்கி வண்டியின் பின்னால் போடுங்கள். வழியில் எப்படியாவது சமாளித்துவிடலாம். குளத்தங்கரைக் கோவிலில் என்ன செய்வீர்கள்? ஆயிரம் பேர் கூடும் இடத்தில் நான்கு தகரத் தடுப்பு வைத்திருப்பார்கள், அதுவும் குந்தி உட்காரும் வகைதான். அங்கேதான் அந்த நாற்காலி உதவும், கூடவே மறைப்புக்கு ஒரு பழைய போர்வை.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்கள் காரில் ஏறும் அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், "எங்கே போய் ஒதுங்குவது" என்று. ஏப்ரல் வெயிலில் இது விபரீதம். அத்தையிடம் நிறுத்தும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தைரியமாகக் குடிப்பார்கள். உங்கள் மாமனாருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், அவரிடம் "அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் ஊரைத் தாண்டும்போது சேவு வாங்காமல் போனால் தெய்வக் குற்றம்.

கணக்கு முடிப்பு (மதியம் 1.40)

சேவு, அடுத்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய் (2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது), திரும்பும்போது அல்வா. மாமனார் சர்க்கரை நோயாளி என்று தங்கை முதலிலேயே சொல்லியிருக்கிறார், கவனிக்க.

சுங்கச் சீட்டு (மதியம் 2.30)

சாவடிக் கணக்கு: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர். நெல்லைக்குள் நுழைய மொத்தம் பதினொன்று. திருப்போரூர் வழியில் போனால் பரனூர் மட்டும் கழியும்.

2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை, அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அது. தெற்கத்திச் சாலையில் ஒரு சாவடியைக் கடந்தால் ஒரு முறை என்று கணக்கு. போக வர இருபத்திரண்டு போய்விடும். உத்திரம், கோவில் கொடை, தீபாவளி, பொங்கல் என்று ஆண்டுக்கு மூன்று நான்கு தரம் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் லாபம். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும்தான் செல்லும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி போன்ற மாநிலச் சாவடிகளில் வழக்கம்போல் காசு கழியும்.

ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். செல்லுபடியாகாத டேக்கோடு போனால், 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ வழியாகக் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால் 1033, நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். மாமனார் கைபேசியில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், முன் இருக்கை அவருக்குத்தானே.

பள்ளிக்கரணை மருமகள் (மாலை 6.15)

எல்லோருக்கும் நன்றி. முன் இருக்கை மாமனாருக்குத்தான் என்பது எப்படித் தெரிந்தது!

நான்குவழிச் சாலை அண்ணன் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். போகும் பயணத்தைப் பற்றி வாதாடினார், திரும்பும் பயணத்தைப் பற்றிப் படித்ததும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை விடுப்புக் கேட்கிறேன் என்றார். ஆனால் "பகலில் பதினொரு மணி நேரம் ஓட்டினால் மட்டும் களைப்பு வராதா" என்று கேட்கிறார். அதுவும் நியாயம்தான்.

நான்குவழிச் சாலை (மாலை 7.05)

வரும். அதனால்தான் நீங்களும் ஓட்டப் போகிறீர்கள்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரம்பலூர் வரை நேர்ச்சாலை. காலை எட்டு மணிவாக்கில் அந்த இடத்துக்கு வருவீர்கள். ஊருக்குள் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் நுழைந்து ஓட்டுகிறவருக்கு இது எளிது. இடது தடத்தில் எண்பதில் போங்கள், லாரியை முந்தும்போது மட்டும் வலப்பக்கம் வந்துவிட்டு உடனே இடப்பக்கம் திரும்புங்கள், பின்னால் வருகிறவன் விளக்கை அடித்தால் அவன் போக்குக்கு விடுங்கள். சாலையோரக் கிராமம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள், குறுக்கே யாராவது வரத்தான் செய்வார்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டாம். நடு இருக்கைக்குப் போய்த் தூங்கட்டும். அவர் அங்கே ஒரு மணி நேரம் தூங்கினால் மதுரைக்கு அப்பால் உள்ள சாலைக்குப் புது ஆள்.

காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். மதுராந்தகம் ஏரிப் பக்கம் விடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு தூக்க நேரம், அதையும் மறக்காதீர்கள். கண் கனத்தால் ஒரு காபியைக் குடித்துவிட்டுப் பங்க் நிழலில் இருபது நிமிடம் தூங்கச் சொல்லுங்கள். காபி வேலை செய்ய அவ்வளவு நேரம் எப்படியும் ஆகும், இரண்டும் சேர்ந்து எழுப்பிவிடும். ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் வீண்.

கருங்குளத்துக்காரன் (இரவு 8.50)

உள்ளூர்க்காரன் நான். ஸ்ரீவைகுண்டம் போக இரண்டு வழி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி வந்து திரும்பலாம். போக்குவரத்துக் குறைவு, ஆனால் சுற்று, நிற்க நல்ல இடமும் குறைவு. வயதானவர்களும் பிள்ளைகளும் இருக்கும்போது கோவில்பட்டி, கயத்தாறு வழியே நெல்லைப் புறவழிக்கு வந்து திருச்செந்தூர் சாலையைப் பிடியுங்கள். கயத்தாறில் சாலையோரமே கட்டபொம்மன் நினைவிடம் இருக்கிறது, 1799 அக்டோபர் 16-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்ட ஊர். பையன் கால் நீட்ட அங்கே இறங்கலாம். திருச்செந்தூர் சாலையில் செய்துங்கநல்லூர், எங்கள் கருங்குளம், ஆதிச்சநல்லூர் என்று வரிசையாக வரும். ஸ்ரீவைகுண்டம் ஆற்றுக்கு அக்கரை, பாலம் ஏறிப் போக வேண்டும். மறுநாளோ வியாழனோ நேரம் கிடைத்தால் ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியையே கண்ணாடித் தளம் போட்டு அருங்காட்சியகமாக வைத்திருப்பதைப் பையனுக்குக் காட்டுங்கள்.

இந்தச் சாலையில் இருட்டுக்கு முன் வந்துவிடுங்கள். உத்திரத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடப்பார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியவர்கள் சிலர், ஒட்டாதவர்கள் பலர்.

ஊரிலிருந்து கோவிலுக்குப் போகும் குளத்தங்கரைப் பாதைகள் பல, 2023 டிசம்பர் வெள்ளத்தில் அறுத்துக்கொண்டு போய்ப் பிறகு மண் கொட்டிச் சரிசெய்தவை. கனமான வண்டியைக் கரை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தாதீர்கள், ஓரம் இன்னும் இறுகவில்லை. எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான், அவன் எடுக்க மாட்டான். முடிந்தால் காரை ஊரிலேயே விட்டுவிட்டு அத்தைக்கும் மாமாவுக்கும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், அன்று நிறைய ஓடும்.

தங்க இடம்? உத்திரத்தன்று நெல்லையில் அறை தேடாதீர்கள். உறவினர் வீடு இல்லையென்றால் தூத்துக்குடியில் இப்போதே பதிவு செய்யுங்கள்.

கணக்கு முடிப்பு (இரவு 9.20)

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோவிலுக்குக் கட்டுவது), கடா, சமையல்காரர் கூலி என்று எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொண்டுபோவது நம் வழக்கம். சட்டமன்றத் தேர்தல் வருகிற ஆண்டு இது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் வைத்திருந்தால் தேர்தல் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். பிறகு கணக்குக் காட்டி வாங்கலாம்தான், ஆனால் உத்திரம் முடிந்திருக்கும். வரியைக் கோவில் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். ரொக்கம் வேண்டுமென்றால் வங்கியில் எடுத்த சீட்டைக் கையில் வையுங்கள். காது குத்தும் நகைக்கும் ரசீது.

பள்ளிக்கரணை மருமகள் (மார்ச் 10, இரவு 10.30)

விடுப்புக் கிடைத்துவிட்டது. செவ்வாய் காலை ஐந்துக்குக் கிளம்புகிறோம். உளுந்தூர்பேட்டை முதல் பெரம்பலூர் வரை நான். மாமனாரிடம் சொன்னபோது, "அப்படியானால் நான் நடு இருக்கைக்குப் போகிறேன்" என்றார். அது நம்பிக்கையா பயமா என்று தெரியவில்லை. திருச்சியில் சாப்பாடு, கயத்தாறில் பையனுக்கு இறக்கம், இருட்டுவதற்குள் கணவரின் பெரியம்மா வீடு. புதன், வியாழன், வெள்ளி ஊரில். சனிக்கிழமை விடிகாலையில் திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று கணவரே சொல்லிவிட்டார். கமோடு நாற்காலி வாங்கியாகிவிட்டது. அத்தைக்குத்தான் முதலில் கோபம், பிறகு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வீட்டிலேயே போட்டு வைத்திருக்கலாமே" என்றார்.

கருங்குளத்து அண்ணன், காது குத்த ஆசாரியை நாங்கள் கூட்டி வர வேண்டுமா? பொங்கல் பானை, உருளி எல்லாம் சென்னையிலிருந்து ஏற்ற வேண்டுமா?

கருங்குளத்துக்காரன் (மார்ச் 11, காலை 6.10)

பானை எதையும் ஏற்றாதீர்கள். வரி கட்டும் குடும்பங்களுக்குப் பெரும்பாலான கோவில்களில் பித்தளைச் சருவமும் உருளியும் உண்டு. பெரியம்மாவிடம் சொல்லி முதல் நாளே பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள், காலையில் போய்க் கேட்டால் சின்னதுதான் மிஞ்சும். பொங்கலுக்குப் பச்சரிசி, வெல்லம், நெய், விறகு எல்லாம் ஊர்க் கடையில் கிடைக்கும். ஆசாரி அன்று கோவிலிலேயே இருப்பார், நிறையப் பிள்ளைகளுக்குக் குத்துவதால் வரிசை. எட்டு மணிக்கு முன் போனால் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும். தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். உங்கள் அண்ணனோ தம்பியோ எங்கிருந்து வருகிறார்?

பள்ளிக்கரணை மருமகள் (காலை 6.45)

தம்பி கோயம்புத்தூரிலிருந்து வருகிறான். செவ்வாய் இரவு வேலை முடிந்து பைக்கில் கிளம்பி, காலையில் நேராகக் கோவிலுக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறான்.

நான்குவழிச் சாலை (காலை 6.47)

அவர் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.